ஃபீல்டு டெஸ்ட் இயல்பு என்று வந்தால் நடுப்பார்வை பத்திரமா?

கேள்வி, பிப்ரவரி 9

அம்மாவுக்கு 63 வயது. மூன்று ஆண்டுகளாகக் கிளௌகோமா என்ற, பார்வை நரம்பைத் தேய்க்கும் நோய்க்குச் சொட்டு மருந்து விடுகிறார். இந்த மாதம் எடுத்த பார்வைப்புலச் சோதனை (ஃபீல்டு டெஸ்ட்) இரண்டு கண்களிலும் இயல்பு என்று வந்திருக்கிறது. ஆனால் படிக்கும்போது வலக்கண்ணில் எழுத்து தேய்ந்து தெரிகிறது என்கிறார். கண்ணாடி மாற்றியும் சரியாகவில்லை. கிளௌகோமா ஓரப்பார்வையைத்தான் முதலில் பறிக்கும், நடுப்பார்வை கடைசியில்தான் போகும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது. அப்படியானால் இது வயதுக் கோளாறுதானே?

பிப்ரவரி 9, இரவு

அப்படி முடிவு கட்டாதீர்கள். முதலில் அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். மேற்பகுதியில் 24-2, 30-2, 10-2 என்று ஏதாவது ஓர் எண் இருக்கும். அநேகமாக 24-2 ஆகத்தான் இருக்கும். அப்படியானால், அம்மா எந்த இடத்தால் படிக்கிறாரோ அந்த இடத்தைப் பற்றி அந்தத் தாள் மிகக் கொஞ்சமாகவே பேசுகிறது. "இயல்பு" என்ற சொல் வெளிச்சம் காட்டிச் சோதித்த இடங்களுக்கு மட்டும்தான் பொருந்தும். காட்டாத இடத்துக்கு அது சாட்சி சொல்லாது.

நடுப்பார்வை கடைசியில்தான் போகும் என்ற பாடம் பலருக்குப் பொருந்தும், எல்லோருக்கும் அல்ல. எனக்குப் பொருந்தவில்லை. நாளை எழுதுகிறேன்.

பிப்ரவரி 10

32 ஆண்டுகள் மெய்ப்புத் திருத்தினேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற வேலை. ஐந்து ஆண்டுகளுக்கு முன் கிளௌகோமா இருப்பது தெரிந்தது. கண் அழுத்தம் 16தான். 21 வரை இயல்பு என்று வழக்கமாகச் சொல்வார்கள். அழுத்தம் ஏறாமலே பார்வை நரம்பு தேய்கிற வகை என்னுடையது. பார்வை நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் இடமான நரம்புத் தட்டின் விளிம்பில் மெல்லிய கீற்றாக ஒரு ரத்தக் கசிவும் இருந்ததாகக் குறித்திருந்தார்கள். சொட்டு மருந்து தொடங்கியது. ஆண்டுக்கொரு ஃபீல்டு டெஸ்ட், எல்லாமே 24-2. இரண்டு ஆண்டுகளும் "இயல்பு எல்லைக்குள்" என்ற வரியைப் பார்த்து நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன்.

பிறகு இடது இமையில் கட்டி வந்தது. களிம்பு போட்டுக் கண்ணை மூடிவிட்டார்கள். நான்கு நாட்கள் வலக்கண் மட்டும்தான். முதல் நாளே மெய்ப்புத் தாளில் எழுத்துகள் அங்கங்கே மை வற்றியதுபோலத் தெரிந்தன. அச்சுக் கோளாறு என்று நினைத்து வேறு பக்கத்தை எடுத்தேன். அதுவும் அப்படியே. மெய்யெழுத்தின் தலையிலிருக்கும் புள்ளி காணாமல் போகிறது, "க்" என்பது "க" ஆகத் தெரிகிறது. புள்ளி விட்டுப்போன பிழைகளைப் பிடித்தே சம்பளம் வாங்கியவனுக்குப் புள்ளி தெரியவில்லை.

அன்று மாலை சுவர்க் கடிகாரத்தின் நடுவில், முட்கள் சேரும் இடத்தை, வலக்கண்ணால் உற்றுப் பார்த்தேன். 12 இருந்தது. 10 மங்கலாக இருந்தது. 11 இல்லை. அந்த இடத்தில் இருட்டோ ஓட்டையோ கிடையாது, வெறும் வெள்ளைத் தகடு. 11 என்ற எண்ணே அச்சிடப்படாத கடிகாரம்போல. கண்ணை நேராக 11க்குத் திருப்பினால் எண் பளிச்சென்று வந்துவிடும். மறுபடி நடுவைப் பார்த்தால் போய்விடும். இதைப் பத்துப் பதினைந்து தடவை செய்திருப்பேன். அந்த இரவு தூங்கவில்லை.

மருத்துவரிடம் கடிகாரத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் உடனே 10-2 எடுக்கச் சொன்னார். நடுப்புள்ளிக்கு மேலே, இடப்பக்கமாக, ஒட்டி ஒட்டி ஆறு இடங்கள் பழுது.

பிப்ரவரி 10, சற்றுப் பிறகு

எண்களின் பொருளைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். 24-2 என்றால் நடுவிலிருந்து 24 பாகை வரை, மூக்குப் பக்கம் மட்டும் 30 பாகை வரை சோதிப்பது. மொத்தம் 54 இடங்கள். 10-2 நடுவிலிருந்து 10 பாகைக்குள்ளேயே நிற்கும், 68 இடங்கள். கோட்டுக்குப் பின்னால் வரும் 2, புள்ளிகளை அடுக்கும் முறையின் எண். இந்த முறையில் புள்ளிகள் குறுக்கு, நெடுக்கு அச்சுகளின் மேல் விழாமல் இரண்டு பக்கமும் விலகி நிற்கும்.

பிப்ரவரி 11

"54 இடங்களைப் பார்த்த சோதனை எப்படி ஓர் இடத்தைத் தவறவிடும்?" என்று கேட்டிருக்கிறார் ஒருவர். இதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும். முழு விஷயமும் இதில்தான் இருக்கிறது.

24-2இல் அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடைவெளி 6 பாகை. நடுவுக்கு மிக அருகில் இருக்கும் நான்கு புள்ளிகளும் அச்சுகளிலிருந்து 3 பாகை மேலும் கீழும், 3 பாகை இடமும் வலமும் தள்ளி நிற்கின்றன. மூலைவிட்டமாக அளந்தால் நடுவிலிருந்து 4.2 பாகைக்குச் சற்று மேல். அதற்குள்ளே வேறு புள்ளியே கிடையாது. 10 பாகை வரை விரித்தாலும் மொத்தம் 12 புள்ளிகள்தான்.

பாகை என்றால் மனத்தில் படம் வராது. கையில் இருக்கும் தாளுக்கு மாற்றிப் பார்ப்போம். 40 செ.மீ. தூரத்தில் ஒரு பாகை என்பது 7 மி.மீ. ஆகவே 4.2 பாகை என்பது ஏறக்குறைய 3 செ.மீ. நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் எழுத்தை நடுவாக வைத்து 3 செ.மீ. ஆரத்தில் ஒரு வட்டம் போடுங்கள். வாசிப்பு முழுவதும் அந்த வட்டத்துக்குள்தான் நடக்கிறது. 24-2 அந்த வட்டத்தின் விளிம்பில் நான்கு இடங்களைத் தொட்டுவிட்டுப் போய்விடுகிறது. காட்டும் வெளிச்சப் பொட்டின் அகலமும் 0.43 பாகைதான், அதே தூரத்தில் 3 மி.மீ., அச்சில் ஓர் எழுத்தின் அளவு.

10-2இல் புள்ளிகளுக்கு இடைவெளி 2 பாகை. அதே வட்டத்துக்குள்ளும் விளிம்பிலும் சேர்த்து 16 புள்ளிகள் விழும்.

என் கடிகாரத்துக்கே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். நடுவிலிருந்து 11 வரை 13 செ.மீ. நான் உட்கார்ந்திருந்தது இரண்டரை மீட்டர் தள்ளி. கிட்டத்தட்ட 3 பாகை வருகிறது. என் 11 வெள்ளையில் கரைந்து கிடந்தது 24-2இன் முதல் புள்ளிக்கும் நடுவுக்கும் இடையில்.

பிப்ரவரி 13

ஒரு திருத்தம். 10ஆம் தேதி மெய்யெழுத்தின் புள்ளி மறைந்தது பற்றி எழுதினேன். அது நடந்தது உண்மை. ஆனால் நான் நினைத்துக்கொண்டிருந்த காரணம் தவறு. நேற்று மெனக்கெட்டு அளந்து பார்த்தேன். எழுத்துக்கும் அதன் தலைப் புள்ளிக்கும் உள்ள தூரம் 2 மி.மீ. கூட இல்லை. கால் பாகைக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். என் பழுதோ ஒரு பாகைக்கு மேல்தான் தொடங்குகிறது. ஆகவே நேராகப் பார்க்கும் எழுத்தின் புள்ளியை அது மறைத்திருக்க முடியாது. மறைந்தது இடப்பக்கம் மேலே, நான் படித்து முடித்துவிட்டுக் கண்ணைக் கடத்திக்கொண்டு போன பகுதி. மேல் வரியை ஒப்பிடக் கண்ணைத் திருப்பும்போது அது சட்டென்று சிக்கவில்லை. புள்ளி தெரியவில்லை என்பது, தேடிய வரியை விட்டு வேறு வரியில் விழுந்து தடுமாறியதை மனம் எனக்குச் சொன்ன விதம் என்றே இப்போது நினைக்கிறேன்.

இதை ஏன் திருத்துகிறேன் என்றால், நோயாளி தன் குறையை விவரிக்கும் சொல் குறை இருக்கும் இடத்தை அப்படியே காட்டாது. "தேய்ந்து தெரிகிறது" என்று உங்கள் அம்மா சொல்வதும் அப்படித்தான் இருக்கலாம். கேட்பவர் அதைக் கண்ணாடிக் கோளாறு என்று எடுத்துக்கொண்டு விடுவார்.

பிப்ரவரி 14

ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை மூடிப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் ஒன்றின் குறையை மற்றது மூடிவிடும்.

பிப்ரவரி 15

"ஓரத்தைத் தின்னும் நோய் நடுவுக்கு எப்படி வந்தது?"

கிளௌகோமா தாக்குவது விழித்திரையிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகும் கேங்லியன் செல்களை. விழித்திரையின் நடுவிலிருக்கும் மாக்குலா பரப்பில் 2 சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் 30 சதவீதத்துக்கும் மேற்பட்ட கேங்லியன் செல்கள் அங்கேதான் நெருக்கியடித்து இருக்கின்றன. மூளையின் முதன்மைப் பார்வைப் பகுதியிலும் ஏறத்தாழப் பாதி இடம் இந்த நடு 10 பாகைக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. இவ்வளவு செல்கள் குவிந்த இடத்தை நோய் கடைசி வரை தொடாமல் விட்டுவைக்கும் என்று ஏன் நம்பினோம்? அங்கே அடர்த்தியாகச் சோதிக்கவில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டொனால்ட் ஹூட்டும் அவருடன் பணிபுரிந்தவர்களும் 2013இல் இதை விரிவாக எழுதினார்கள். ஆரம்ப நிலையிலேயே மாக்குலா பாதிக்கப்படுகிறது, பலரிடம் பாதிக்கப்படுகிறது என்பது அவர்கள் வாதம். மாக்குலாவின் கீழ்ப்பகுதியிலிருந்து வரும் இழைகளில் ஒரு பங்கு, நரம்புத் தட்டில் எளிதில் சேதமாகும் கீழ்ப் புறத்தின் வழியாக நுழைகிறது. அந்த வழிக்கு அவர்கள் ஊறுபடு மண்டலம் என்ற பொருளில் பெயரே வைத்தார்கள். விழித்திரையில் பிம்பம் தலைகீழாக விழுவதால், கீழ்ப்பகுதி கெட்டால் பார்வையில் மேல்பகுதி போகும். என் 11 மேலே இருந்ததற்குக் காரணம் அதுதான். அழுத்தம் இயல்பாக இருப்பவர்களிடமும், நரம்புத் தட்டில் ரத்தக் கசிவு கண்டவர்களிடமும், நடுவை ஒட்டிய குறை கூடுதலாகக் காணப்படுகிறது. எனக்கு இரண்டுமே இருந்தன. தொடக்கத்திலேயே எனக்கு 10-2 எடுத்திருக்க வேண்டும். இதை மனம் ஆறாமல்தான் எழுதுகிறேன்.

பிப்ரவரி 17

"கருப்பாக எதுவும் தெரியவில்லை, ஆகவே எனக்குக் குறை இல்லை" என்று ஒருவர் எழுதியிருப்பதைப் பார்த்ததும் பதறிவிட்டது.

கருப்பாகத் தெரியாது. உங்கள் இரண்டு கண்களிலும் பிறவியிலேயே ஓர் ஓட்டை இருக்கிறது, நரம்பு வெளியேறும் குருட்டுப் புள்ளி. இடக்கண்ணை மூடிக்கொண்டு, 40 செ.மீ. தூரத்தில் தாளில் ஒரு சிறு குறியை வலக்கண்ணால் பாருங்கள். அந்தக் குறிக்கு வலப்பக்கம் சுமார் 11 செ.மீ. தள்ளி இன்னொரு பொட்டு வையுங்கள். தாளை மெல்ல முன்னும் பின்னும் நகர்த்தினால் ஒரு கட்டத்தில் அந்தப் பொட்டு மறையும். மறைந்த இடத்தில் என்ன தெரிகிறது? தாளின் வெள்ளைதான். சுற்றிலும் இருப்பதை எடுத்து மூளை நிரப்பிவிடுகிறது. நோய் செய்த ஓட்டையையும் அது அப்படியே நிரப்புகிறது.

லண்டனில் டேவிட் கிராப் குழுவினர் 50 கிளௌகோமா நோயாளிகளிடம் பல படங்களைக் காட்டி, உங்கள் பார்வை எதைப்போல இருக்கிறது என்று கேட்டார்கள். சுற்றிலும் கருத்து நடுவில் மட்டும் வெளிச்சம் தெரியும் குகைப் படத்தை ஒருவர்கூடத் தேர்ந்தெடுக்கவில்லை. மங்கல் என்றார்கள், சில பகுதிகள் விடுபட்டிருக்கின்றன என்றார்கள். குறையே தெரியவில்லை என்றவர்களும் இருந்தார்கள். அந்த முடிவு 2013இல் வெளியானது. இன்னும் விழிப்புணர்வுச் சுவரொட்டிகளில் அதே கருங்குகை. அதைப் பார்த்துவிட்டுத் தன்னிடம் குகையைத் தேடி, காணாமல், நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள்.

பிப்ரவரி 18

சோதனைக்கு உட்காரும்போது என்ன நடக்கிறது என்று இருவர் கேட்டிருக்கிறார்கள்.

ஒரு கண்ணை மூடிவிடுவார்கள். தாடையை வைத்துக்கொண்டு வெள்ளைக் கிண்ணம் போன்ற ஒன்றின் நடுவிலிருக்கும் சிறு விளக்கையே பார்க்க வேண்டும். கண்ணுக்கு முன்னால் அந்தத் தூரத்துக்கு ஏற்ற வில்லை ஒன்றைப் பொருத்துவார்கள். அங்கங்கே வெளிச்சப் பொட்டு தோன்றும், ஒவ்வொன்றும் ஐந்தில் ஒரு பங்கு நொடி. தெரிந்தால் பொத்தானை அழுத்த வேண்டும்.

முதல் தடவை நான் பட்ட பயத்தை மறக்க மாட்டேன். நிறைய நேரம் எதுவுமே தெரியவில்லை. எல்லாவற்றையும் தவறவிடுகிறேன் என்று உள்ளங்கை வியர்த்துவிட்டது. யாரும் முன்னாலேயே சொல்லாத உண்மை இது: இந்தக் கருவி ஒவ்வோர் இடத்திலும் உங்களால் பார்க்க முடிகிற மிக மங்கலான வெளிச்சத்தைத் தேடுகிறது. ஆகவே நல்ல கண்ணுக்கும் காட்டியதில் பாதி அளவு தெரியாது. தெரியாமல் போவது சோதனையின் அமைப்பு. பரிசோதகர்கள் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டுத் தொடங்கினால் எத்தனை பேருக்கு மூச்சு சீராகும்!

பயத்தில் சிலர் தாளம் போட்டதுபோல அழுத்திக்கொண்டே போவார்கள். அதுதான் பெரிய ஆபத்து. தெரியாததற்கும் அழுத்தினால் குறை மூடிப்போய் அறிக்கை அழகாக வரும். தாளில் தவறான நேர் விடைகளின் சதவீதம் இருக்கும். அது 15ஐத் தாண்டினால் அறிக்கையை நம்பக் கூடாது. கண் அசைந்ததா என்று பார்க்கக் கருவி குருட்டுப் புள்ளிக்குள்ளேயே அவ்வப்போது வெளிச்சம் காட்டும். அதற்கு அழுத்தினால் பார்வை நகர்ந்துவிட்டது என்று கணக்கு.

இமைக்கலாம். அழுத்தும்போது கூடவே இமைப்பது எனக்குப் பழகிவிட்டது. களைத்தால் பொத்தானை விடாமல் அழுத்திப் பிடியுங்கள், ஹம்ஃப்ரி கருவியில் சோதனை அப்படியே நிற்கும். விட்டால் தொடரும். இதை நான் தெரிந்துகொள்ள நான்கு சோதனைகள் ஆயின.

10-2 வேறு மாதிரி அனுபவம். பொட்டுகள் எல்லாம் நடு விளக்கைச் சுற்றியே மொய்க்கும். என் பழுதான மூலையைக் கருவி துருவும்போது நீண்ட மௌனம். மேலே இடப்பக்கம் ஏதோ காட்டிக்கொண்டிருக்கிறது என்று புரியும், ஆனால் கண்ணுக்குத் தெரியாது. கண்ணைத் திருப்பி எட்டிப் பார்த்துவிடலாமா என்று தோன்றும். திருப்பினால் சோதனை வீண். அந்த விளக்கையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது ஒருவகை நேர்மை.

பிப்ரவரி 20

என் முதல் குறிப்பின் வேகத்தில் எல்லோரும் 10-2 கேட்டு வாங்குங்கள் என்றே தனிமடலில் இருவருக்குச் சொல்லிவிட்டேன். அதை மாற்றிக்கொள்கிறேன்.

என் மருத்துவரிடம் இதைப் பேசினேன். 10-2 மட்டும் எடுத்தால் 10 பாகைக்கு வெளியே நடப்பது எதுவும் தெரியாது. மூக்குப் பக்கப் படி, வில்போல வளைந்த குறை என்று கிளௌகோமாவின் பழைய அடையாளங்கள் அங்கேதான் இருக்கின்றன. ஒரே நாளில் இரண்டு சோதனைகளையும் இரண்டு கண்களுக்கும் எடுத்தால் களைப்பிலேயே முடிவு கெடும். ஆகவே அவர் ஒரு வருகையில் 24-2, அடுத்ததில் 10-2 என்று மாற்றி மாற்றி எடுக்கிறார். 24-2இன் 54 இடங்களோடு நடுவில் 10 இடங்களைக் கூட்டி 64 ஆக்கிய 24-2சி என்ற சோதனையும் இருக்கிறது. அது நல்ல நடுவழி. ஆனால் குறை இருப்பது தெரிந்த பிறகு அதைத் தொடர்ந்து அளக்க 10-2தான் வேண்டும் என்பது அவர் கருத்து, எனதும்.

முதலில் யாருக்கு எடுக்க வேண்டும்? விழித்திரை அடுக்குகளின் தடிமனை அளக்கும் ஓ.சி.டி. ஸ்கேனில் மாக்குலாவின் கேங்லியன் அடுக்கு மெலிந்திருப்பவருக்கு, நரம்புத் தட்டில் ரத்தக் கசிவு கண்டவருக்கு, 24-2இன் நடு நான்கு புள்ளிகளில் ஒன்றாவது மங்கியவருக்கு, எழுத்து தேய்ந்து தெரிகிறது என்று வாய்விட்டுச் சொல்பவருக்கு. கடைசியாகச் சொன்னது உங்கள் அம்மா.

பிப்ரவரி 21

நேற்று "நடு நான்கு புள்ளிகளில் ஒன்றாவது" என்று எழுதிய கையோடு எழுந்து போய் என் பழைய தாள்களை எடுத்தேன். "இயல்பு எல்லைக்குள்" என்று வந்த அந்த இரண்டு ஆண்டுத் தாள்கள். இதுவரை ஏன் பார்க்கவில்லை என்று தெரியவில்லை. கோபத்தில் அவற்றை ஒதுக்கி வைத்திருந்தேன்.

முதல் ஆண்டு: வலக்கண், நடுவுக்கு மேலே இடப்பக்கப் புள்ளியில் சின்னச் சின்னப் பொட்டுகளாலான குறி. அதாவது, அதே வயதில் நோயில்லாதவர்களில் 100க்கு 5 பேருக்கும் குறைவாகவே அந்த இடத்தில் இவ்வளவு மங்கல் இருக்கும் என்று பொருள். இரண்டாம் ஆண்டு: அதே புள்ளி, அதே குறி. சுற்றிலும் வேறெதுவும் இல்லை.

ஆக 24-2 பேசியிருக்கிறது, மெல்லிய குரலில். நான் 9ஆம் தேதி அதை முழுக்கக் குற்றவாளி ஆக்கியது சரியல்ல. பார்த்தவர்கள் ஏன் விட்டார்கள் என்பதும் ஓரளவு புரிகிறது. குருட்டுப் புள்ளி விழும் இரண்டை விட்டால் 52 இடங்கள். நூற்றுக்கு ஐந்து என்ற கணக்கில் நோயே இல்லாதவருக்கும் இரண்டு மூன்று இடங்களில் தற்செயலாகக் குறி விழும். அதனால்தான் மூன்று குறிகள் ஒட்டியிருந்தால், அவற்றில் ஒன்றாவது நூற்றுக்கு ஒன்று என்ற அளவுக்கு ஆழமாக இருந்தால், கணக்கில் எடு என்ற விதி. தனிப் புள்ளி என்றால் தள்ளு. ஓரத்தில் அந்த விதி நியாயம். நடுவில் பக்கத்துப் புள்ளியே 6 பாகை தள்ளி நிற்கும்போது, மூன்று ஒட்டிக் கெட வேண்டும் என்று காத்திருந்தால் பாதி வாசிப்பு போயிருக்கும். அதிலும் ஒரே இடம் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து மங்கினால் அது தற்செயலா?

எனக்கும் இதில் பங்கு உண்டு. தாளின் கடைசி வரியை மட்டும் படித்தேன். மெய்ப்புப் பார்ப்பவன் செய்யக்கூடாத காரியம்.

பிப்ரவரி 21, இரவு

சாம்பல் நிறப் படத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அளந்த புள்ளிகளுக்கு இடையில் ஊகித்து வண்ணம் பூசியது அது. நடுவில் வெள்ளையாக இருக்கிறதே என்று மகிழ வேண்டாம். அதன் கீழே உள்ள விலகல் படங்களைப் பாருங்கள். இரண்டு இருக்கும். முதலாவது மொத்த விலகல். கண்புரை இருந்தால் எல்லா இடமும் சேர்ந்து மங்கி அது நிறையக் குறிகளோடு வரும். இரண்டாவது, அந்தப் பொதுவான மங்கலைக் கழித்துவிட்டுத் தனித்துக் குழி விழுந்த இடங்களை மட்டும் காட்டும்.

பிப்ரவரி 24

ஆம்ஸ்லர் கட்டம் வைத்து வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாமா என்று கேள்வி. மாக்குலா நோய்களுக்குக் கொடுக்கும் அட்டை, 10 செ.மீ. சதுரம், 5 மி.மீ. கட்டங்கள். 30 செ.மீ. தூரத்தில் பிடித்தால் ஒரு கட்டம் ஏறத்தாழ ஒரு பாகை, நடுவிலிருந்து நான்கு பக்கமும் 10 பாகை. அளவில் 10-2க்கு இணைதான். நானும் வாங்கிப் பார்த்தேன். பழுது எங்கே என்று தெரிந்திருந்தும் கோடுகள் முறியாமல் ஓடின, மேலே இடப்பக்கம் கொஞ்சம் வெளிறியிருந்தன. தெரியாமல் பார்த்திருந்தால் எதுவும் இல்லை என்று சத்தியம் செய்திருப்பேன். கோடுகளை நிரப்பித் தருவது மூளைக்கு எளிது. அட்டையில் ஏதாவது தெரிந்தால் மருத்துவரிடம் ஓடுங்கள். எதுவும் தெரியவில்லை என்பதை வைத்து நிம்மதி அடையாதீர்கள்.

பிப்ரவரி 26

பேச்சு சற்று விலகுகிறது, ஆனாலும் எழுத ஆசை. டென்மார்க் நாட்டு மருத்துவர் யானிக் பியெரம் (Bjerrum) 1889இல் தன் அறைக் கதவின் பின்பக்கத்தையே திரையாக்கிப் பார்வைப் புலத்தை அளந்தார். அதற்கு முன் புழங்கிய வளைவுக் கருவிகள் ஓரத்தை நன்றாகக் காட்டின, நடுவை விரித்துக் காட்டவில்லை. நோயாளியைத் திரையிலிருந்து தள்ளி உட்கார வைத்து, சிறிய வெள்ளைப் பொருளை நகர்த்தியபோது நடுப்பகுதி பெரிதாக விரிந்து கிடைத்தது. குருட்டுப் புள்ளியிலிருந்து கிளம்பி நடுவைச் சுற்றி வளையும் வில் வடிவக் குறை அப்படித்தான் அவர் கண்ணில் பட்டது. இன்றும் அந்தப் பகுதி அவர் பெயரால் வழங்குகிறது. கதவையும் ஒரு சிறு வெள்ளைப் பொருளையும் வைத்துக்கொண்டு அவர் செய்ததை நினைத்தால் எனக்குப் பெரும் மரியாதை உண்டாகிறது.

மார்ச் 1

"8 டெசிபல் என்றால் சத்தமா?" இல்லை, சோதனைத் தாளில் ஒவ்வோர் இடத்துக்கும் போட்டிருக்கும் டெசிபல் எண் வெளிச்சத்தைப் பற்றியது. எண் குறையக் குறையப் பார்வை மோசம். 0 என்பது கருவி காட்டும் மிகப் பிரகாசமான வெளிச்சம். ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் வெளிச்சம் பத்து மடங்கு மாறும். என் 10-2 தாளில் பழுதான ஓரிடம் 8, அதற்கு நேர் கீழே நடுவுக்கு அந்தப் பக்கம் உள்ள இடம் 31. வித்தியாசம் 23. கணக்குப் போட்டால் 200 மடங்கு. கீழே தெரிகிற வெளிச்சத்தைப்போல 200 மடங்கு பிரகாசம் இருந்தால்தான் மேலே அது தெரியும். இரண்டுக்கும் இடையில் தாளில் விரற்கடை தூரம்கூட இல்லை.

அந்த 8 அடுத்த சோதனையில் 12 ஆனது. ஏறிவிட்டது என்று துள்ளினேன். அதற்கடுத்து 7. இவ்வளவு தாழ்ந்த இடங்களில் எண் சோதனைக்குச் சோதனை தாறுமாறாக ஆடும் என்றார் மருத்துவர். போன செல் திரும்பாது. மருந்து செய்வது மிச்சத்தைக் காப்பது. என் அழுத்தத்தை 16இலிருந்து 11க்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். நடுவுக்கு அருகில் குறை இருப்பதால் இலக்கைக் கீழே வைத்ததாகச் சொன்னார்.

மார்ச் 14

கேட்டவர் திரும்பி எழுதியிருக்கிறார். அம்மாவுக்கு 10-2 எடுத்தாயிற்று. வலக்கண்ணில் நடுவுக்கு மேலே ஒட்டிய மூன்று புள்ளிகள் மங்கல், ஒன்று ஆழமாக. மாக்குலா ஸ்கேனில் கீழ்ப்பகுதி மெலிந்திருக்கிறது. பார்வையில் மேல், விழித்திரையில் கீழ் என்று இரண்டும் பொருந்துகின்றன. மருத்துவர் இன்னொரு முறை எடுத்துவிட்டுச் சொல்கிறேன் என்றாராம். "அம்மா அழுகிறார், நம்புவதா, காத்திருப்பதா?" என்று கேட்கிறார்.

மறுமுறை எடுக்கச் சொன்னது சரி. இந்தச் சோதனைக்குப் பழக்கம் வேண்டும். முதல் தடவை எல்லோருக்குமே உள்ளதைவிட மோசமாக வரக்கூடும். ஆனால் ஸ்கேனும் இதே இடத்தைக் காட்டும்போது தேதியைத் தள்ளிப்போட வேண்டாம். நன்றாகத் தூங்கி எழுந்த நாளாகப் பார்த்துக் காலை நேரம் கேளுங்கள். வலக்கண்ணையே முதலில் எடுக்கச் சொல்லுங்கள், இரண்டாவது கண்ணில் களைப்பு சேரும். வறட்சி இருந்தால் கண்ணீர்ச் சொட்டு விட்டுக்கொள்ளலாமா என்று கேளுங்கள். பாதி வெளிச்சம் யாருக்கும் தெரியாது என்பதை உட்காரும் முன் அம்மாவிடம் நீங்களே சொல்லுங்கள். பொத்தானை அழுத்திப் பிடித்தால் நிற்கும் என்பதையும். இந்தத் தாளின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் ஒவ்வொன்றையும் இதோடுதான் ஒப்பிடுவார்கள்.

பழைய 24-2 தாள்கள் மூன்றையும் எடுத்து, நடு நான்கு புள்ளிகளில் மேல் இரண்டையும் பார்த்துச் சொல்லுங்கள். காத்திருக்கிறேன்.

மார்ச் 15

பார்த்துவிட்டார். போன ஆண்டுத் தாளில் ஒரு குறி இருந்திருக்கிறது.